தண்ணீரில் உரியாத பிளாஸ்திரி

தங்கூசி என்று நாங்கள் சொல்லும் நைலான் நரம்பு எங்கள் கரைக்கு வந்த புதிதில், ஆம்பிளைகளின் விரல் ஒன்றுகூட முழுசாக இருந்ததில்லை. பருத்திக் கயிற்றில் தூண்டில் போட்டுப் பழகிய கைகள் அவை. பெரிய பாரை மீன் ஒன்று கொத்திக்கொண்டு ஓடினால், நரம்பு விரல் மடிப்பில் கத்தி மாதிரி இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் கைகூப்பி நிற்பவர்களில் பாதிப்பேர் விரலில் துணி சுற்றியிருப்பார்கள். "சாமியாருக்கு நாம நிக்கிறது கோயிலா, ஆஸ்பத்திரியான்னு சந்தேகம் வந்துரும்" என்பாள் அம்மா.

பாம்பனுக்குத் தெற்கே, கடலை ஒட்டி எங்கள் குடியிருப்பு. அங்கே விரல் அறுந்தால் பழந்துணியைக் கிழித்துச் சுற்றுவார்கள், அத்தோடு மறந்துவிடுவார்கள். பிளாஸ்திரி என்று தேடி அலைந்தது எங்கள் சித்தப்பா ஒருவர்தான். அவர் அய்யாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டில் சாப்பாடு, அய்யாவின் வள்ளத்தில் தொழில்.

அவர் விரலைப் பற்றி எனக்கு இருந்த அக்கறை கொஞ்சம் சுயநலமானது. கடலுக்குப் போய் வந்து சித்தப்பா சாப்பிட உட்கார்ந்தால், அவர் வட்டிலின் கடைசிக் கவளம் என்னுடையது. நடுமுள்ளைப் பக்குவமாக எடுத்துவிட்டு, மீனின் கன்னத்துச் சதையைச் சோற்றோடு பிசைந்து ஓரமாக ஒதுக்கி வைப்பார். நான் எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் அந்த நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவேன். என் வயிறு கோயில் மணியைவிட நேரம் தவறாது என்று அம்மா ஏசுவாள்.

அந்த வருஷம் அவர் வலது கையில் இரண்டு விரலை நரம்பு அறுத்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தவர் வட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கையில மருந்து இருக்குத்தா. ஒனக்கு அம்மா தனியா வைப்பா." சாப்பிட்டு எழுந்து வட்டிலைத் தானே கழுவிக் கவிழ்த்தார். வள்ளத்திலும் அப்படித்தானாம். எல்லாரும் ஒரே சட்டியில் கைவைத்துச் சாப்பிடுகிற இடத்தில் இவர் சிரட்டையில் வாங்கி, வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அய்யாவுக்குச் சிரிப்பும் கோபமும். "ஏலே, தொரைக்குத் தனிச்சட்டி கேக்குதோ? பொண்ணு வீட்டுக்காரக வாராகளா?"

சித்தப்பா பதிலுக்குச் சிரித்ததோடு சரி.

விரல் ஆறினால் வட்டில் எனக்குத் திரும்பி வந்துவிடும் என்று நான் கணக்குப் போட்டேன். விரல்தான் ஆறவில்லை. கடல் தண்ணீரில் துணி நழுவிவிடும். நரம்பு மறுபடி அதே இடத்தை அறுக்கும். என்னைக் கூப்பிட்டு, "பாம்பன் கடையில நல்ல பிளாஸ்திரியாப் பாத்து வாங்கிட்டு வா. தண்ணியில உரியக் கூடாது. ஒருத்தன் பாத்தா உள்ள புண்ணு எப்படி இருக்குன்னு தெரியக் கூடாது" என்றார். புண்ணைப் பார்த்தால் யாருக்கு என்ன என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பாம்பன் கடைத்தெருவில் மருந்துச் சாமான் விற்றவர் ஒரு மரைக்காயர். நான் வாங்கிப் போனது உரிந்துவிட்டது என்று மூன்றாம் தடவையும் போய் நின்றபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தார்.

"ஒங்க சித்தப்பன் கடல்ல மீன் புடிக்கிறானா, பிளாஸ்திரி புடிக்கிறானா?"

"உப்புத் தண்ணியில நிக்க மாட்டேங்குது, வாப்பா."

"நிக்காதும்மா. நானே தண்ணியில நிக்க மாட்டேன்." சொல்லிவிட்டு மூன்று ரகத்தை எடுத்துப் பலகையில் வைத்தார். பஞ்சு வைத்து வெட்டிய சின்னத் துண்டு ஒன்று. மெல்லிசான ரோஜா நிறச் சுருள் ஒன்று. தகர டப்பியில் சுருட்டிய, முரட்டுத் துணியில் செய்த வெள்ளைப் பிளாஸ்திரி ஒன்று. "மூணுலயும் கொஞ்சம் தாரேன். ஒன் கையில ஒட்டிப் பாரு. எது நிக்குதோ அத வந்து வாங்கு."

ஒட்டிப் பார்த்தேன். மூன்று விரலில் மூன்றையும் சுற்றிக்கொண்டு, பள்ளிக்கூடம் இல்லாத நாளில் காலை முழுக்கக் கரையில் கிடந்தேன். சிப்பி பொறுக்கினேன், வள்ளக் கயிற்றை இழுத்தேன், ஈர மணலில் குழி தோண்டினேன். பஞ்சுத் துண்டு முதல் அலையிலேயே போய்விட்டது. ரோஜா நிறம் வெற்றிலைச் சருகு மாதிரி சுருண்டது. முரட்டு வெள்ளைதான் தாக்குப்பிடித்தது. அதிலும் முனை மட்டும் கிளம்பியது. மூலைகளைக் கத்தரிக்கோலால் வட்டமாக நறுக்கினேன். பிடித்து இழுக்க மூலை இல்லாததால் முனை கிளம்பவில்லை. கையை நன்றாகத் துடைத்துவிட்டு, அனலில் லேசாகக் காட்டி, விரல் மடிப்பில் நேராகச் சுற்றாமல் சாய்வாகக் குறுக்கே போட்டால், விரலை மடக்கினாலும் அசையவில்லை. உலகத்தில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்துவிட்ட மிதப்பு எனக்கு.

மறுநாள் மத்தியானம் சித்தப்பா கரையேறி வந்ததும் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்து வந்தேன். அம்மா குழம்பை இறக்கிக்கொண்டிருந்தாள். அய்யா ஏலக்கரையில் நின்றார். மரைக்காயரிடம் வாங்கி வந்திருந்த டப்பியின் தகர மூடியைக் கங்கின் மேல் வைத்து, அதில் பிளாஸ்திரியைச் சூடு காட்டி எடுத்தேன். மூடியைக் கந்தையால் பிடித்துத் தரையில் வைத்தபோது என் விரல் நுனி பட்டு, கையை உதறிக்கொண்டு வாயில் வைத்தேன்.

"பாத்துத்தா" என்று சொல்லிக்கொண்டே சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். உட்காரும்போது கையை ஊன்றினார். ஊன்றியது அந்த மூடியின் மேல்.

நான் பதறிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கை அங்கேயே இருந்தது. மீன் வாசனைக்குள் இன்னொரு வாசனை கிளம்பியது.

அம்மா திரும்பினாள். சட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள்.

"தம்பி, கை சுடலையா?"

சித்தப்பா அப்போதுதான் குனிந்து பார்த்தார்.

"எப்பருந்து?"

"போன பங்குனியில இருந்து, மதினி." குரல் பக்கத்தில் இருந்த எனக்கே அரைகுறையாகக் கேட்கும் அளவுக்கு இறங்கிப்போனது. "அண்ணன்கிட்ட சொல்லிறாதீக. பனங்காட்டுக்கு அங்கிட்டு கொண்டுபோய் வச்சிருவாக."

பனங்காட்டுக்கு அப்பால் ஒரு குடிசை இருந்தது. அதில் ஒருவர் இருந்தார். சோற்றுச் சட்டியைத் தூரத்தில் வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவார்கள். அவருக்கு வந்திருந்த நோயை எங்கள் ஊரில் யாரும் பெயர் சொல்லிப் பேசமாட்டார்கள். பெரிய வியாதி என்பார்கள். தொழுநோய் என்ற சொல்லையே நான் பின்னால் புத்தகத்தில்தான் படித்தேன். சூடு தெரியாத விரல் அதன் அடையாளங்களில் ஒன்று என்பதையும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த வாரமே அம்மா அவரை ரயிலேற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை என்று கரையில் சொல்லிக்கொண்டோம். மாத்திரை தின்று, நோய் தீர்ந்து, சில வருஷம் கழித்து அவர் திரும்பி வந்தார். சுண்டுவிரல் மட்டும் மடங்கியே இருந்தது. வள்ளத்துச் சட்டியில் எல்லாரோடும் கைவைத்துச் சாப்பிட்டார்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு மத்தியானம் என் கண்ணில் பட்டது வேறு.

அம்மா அந்தக் கையைக் கழுவித் துடைத்தாள். வெந்த இடத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் துணி சுற்றினாள். நான் நறுக்கி வைத்திருந்த பிளாஸ்திரியை எடுத்து, அறுந்த விரல்களில் நான் சொன்னபடியே சாய்வாக ஒட்டினாள். பிறகு வட்டிலில் சோறு போட்டு அவர் முன்னால் வைத்தாள். அவர் இடது கையால் இரண்டு வாய் அள்ளித் தின்றுவிட்டு வட்டிலைத் தள்ளினார். வழக்கம்போல் கழுவ எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வையி தம்பி" என்றாள் அம்மா.

வட்டிலை வாங்கித் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள். அவர் எச்சில் சோற்றைப் பிசைந்து தின்னத் தொடங்கினாள். அப்படித் தின்றால் அந்த நோய் ஒட்டாது என்று அன்றைக்கு அவளுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

"மதினி, வேணாம் மதினி" என்று சித்தப்பா கையை நீட்டினார். அம்மா நிமிரவில்லை. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி விம்மினார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பிளாஸ்திரி கண்டுபிடித்தவள் நான். காத்திருந்தவள் நான். என் பங்கை, கன்னத்துச் சதையோடு, அம்மா ஒரு பருக்கை விடாமல் தின்றுகொண்டிருந்தாள். ஆனாலும் சித்தப்பா அழுவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் அந்தக் கையை ஊதிவிட்டுக் கேட்டேன்: "இப்பத்தான் சுடுதா, சித்தப்பா?"