நான்காவது விளக்குக்குக் கீழே

இது நடந்தது. நம்பாதவர்கள் என் வீட்டுக்கு வரலாம். ஓர் அட்டை வளையத்தைக் காட்டுவேன். கறுப்பு டேப் சுற்றி விற்பார்களே, அந்த வளையம். புதிதாகப் பிரித்த அன்றே நாற்பது கெஜமும் தீர்ந்துபோனது. அதில் ஒரு விரல் நீளம் மட்டும்தான் நான் ஒட்டியது.

என் பெயர் இன்சோன். வடக்குத் தாய்லாந்தில், லம்பூன் ஊருக்கு வெளியே, லாங்கான் பழத் தோப்புகளுக்கு நடுவில், ஒரு பழைய நெல் கிடங்கில் மருந்துக்காகக் கஞ்சா வளர்த்தேன். லைசென்ஸ் இருந்தது. மூலிகை வைத்தியசாலை ஒன்று பூவை எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்திருந்தது. கூட வேலை செய்தவன் மானோப், என் பெரியம்மா மகன். எனக்கு இரண்டு வயது இளையவன். வாய் மட்டும் என்னைவிடப் பத்து வயது மூத்தது.

என் மனைவி சேங்லா நான்கு வருடமாகத் தைவானில் ஒரு தொழிற்சாலையில் இருந்தாள். மார்ச் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. அடுத்த மூன்று வருடத்துக்கான தாளைக் கையெழுத்துப் போடாமல் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். இந்த விளைச்சல் வைத்தியசாலையின் சோதனையில் தேறினால், தாளைக் கிழித்துவிட்டு, ஏப்ரலில் வரும் சொங்க்ரான் புத்தாண்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். தேறாவிட்டால் கையெழுத்து. எனக்கு இருந்த கவலை இது ஒன்றுதான்.

முதல் விளைச்சலை ஊதா விளக்குகள் கெடுத்தன. பெட்டியில் ஆயிரம் வாட் என்று போட்டிருக்கும். மீட்டரில் பார்த்தால் நூற்றைம்பது. செடிகள் வெளிச்சம் தேடித் தேடிக் கழுத்து நீண்டு, பூக்கள் பஞ்சு மாதிரி உதிர்ந்தன. அந்த ஊதாவில் நின்றால் மானோப் செத்தவன் போலத் தெரிவான். அதைச் சொன்னால், "நீ மட்டும் என்ன, மாப்பிள்ளை மாதிரியா இருக்க?" என்பான்.

இந்தத் தடவை நல்ல வெள்ளை விளக்காக வாங்க வேண்டும், நீளப் பட்டைகளாக வருமே, சூரிய வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வருமே, அது. புதிது வாங்க வழியில்லை. பூவின் விலை விழுந்த பிறகு பலர் இந்தத் தொழிலைக் கைவிட்டிருந்தார்கள். அப்படி ஒரு வீட்டில் ஆறு விளக்குகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம்.

அந்த அம்மாவின் பெயர் ஓரதாய். நாற்பது வயது இருக்கும். வீட்டுக்குக் கீழே, மரத்தூண்களுக்கு இடையில், விளக்குகளைத் துடைத்து வரிசையாக வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் எண். ஒன்று முதல் ஆறு வரை.

செத்தவர் புழங்கிய கருவியை எங்கள் பக்கத்தில் யாரும் தொட மாட்டார்கள். அதனால் மானோப் சுற்றி வளைக்காமல் கேட்டான்.

"அக்கா, இதை வச்சிருந்தவர் எங்க?"

"கொரியாவுல. தோட்ட வேலை."

"உசுரோடதானே?"

"உனக்கு விளக்கு வேணுமா, ஆள் வேணுமா?"

மானோப் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை.

நான் வெளிச்சம் அளக்கும் கருவியைக் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு விளக்கையும் எரியவிட்டு, ஒரு முழம் கீழே வைத்து அளந்தேன். நடுவில் ஓர் அளவு, நான்கு மூலையிலும் நான்கு அளவு. ஐந்து விளக்குகள் ஒரே மாதிரி காட்டின. நான்காவது மட்டும் கொஞ்சம் கூடுதல். வெளிச்சம் கையில் கனம் போல விழுந்தது. இதுதான் இருப்பதிலேயே நல்லது என்றேன்.

ஓரதாய் அந்த விளக்கைப் பார்க்காமல் சொன்னார்.

"அஞ்சு போதும்னா அஞ்சே எடுத்துக்கங்க தம்பி. அது வேணாம்னா நான் வச்சுக்கறேன்."

நான் ஆறையும் எடுத்தேன். தேர்ந்தெடுத்தது நான்தான். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

பழைய பொருளை உள்ளே கொண்டுவந்தால் மூன்று ஊதுபத்தி ஏற்றி, இனி இது எங்கள் கையில் என்று சொல்லிவிட்டுத்தான் மாட்டுவார்கள். நான் அதைச் செய்யவில்லை. சுவரில் அறைந்திருந்த கறுப்புத் துணியில் புகை ஏறினால் போகாது, வைத்தியசாலை ஆட்கள் முதலில் மோந்துதான் பார்ப்பார்கள். அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

எங்கள் அறையில் பகல் இரவு தலைகீழ். ராத்திரி கரண்டு மலிவு என்பதால் இரவு ஒன்பதுக்கு விளக்குகள் எரியும், காலை ஒன்பதுக்கு அணையும். பூக்கிற காலத்தில் செடிக்குப் பன்னிரண்டு மணி நேரம் முழு இருட்டு வேண்டும். அந்த இருட்டில் ஓர் ஊசி முனை வெளிச்சம் தினமும் பட்டால்கூடப் பெண் செடி மிரண்டுபோகும். ஆண் பூவும் விடும். பூவுக்குள் விதை விழும். அப்புறம் அதை எந்த வைத்தியசாலையும் வாங்காது.

ஐந்து வாரம் எல்லாம் நன்றாக இருந்தது. பூக்கள் கல் மாதிரி இறுகி வந்தன. வீடியோவில் காட்டினேன். இன்னும் கொஞ்ச நாள்தானே என்றாள் சேங்லா.

ஆறாவது வாரம், மார்ச் 11. பகல் 11:40. கிடங்குக்கு வெளியே படுத்திருந்தேன். பூட்டிய அறைக்குள் ஒரு சத்தம்.

டிக்... ம்ம்ம்ம்...

விளக்கு எரியத் தொடங்கும்போது வருகிற சத்தம். ஓடிப்போய்க் கதவில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. டைமர் பதிவைப் பார்த்தேன். எந்த விளக்கும் எரியவில்லை.

மார்ச் 12. பகல் 11:40. டிக்... ம்ம்ம்ம்...

அன்று இரவு விளக்கு எரிந்ததும் உள்ளே போனோம். நான்காவது விளக்குக்குக் கீழே இருந்த செடிகள் சாய்ந்திருந்தன. செடி வெளிச்சத்தைப் பார்த்துச் சாயும். இவை தலைக்கு மேல் விளக்கு இருக்க, பக்கவாட்டில் சாய்ந்திருந்தன. எட்டுச் செடிகளும் ஒரே இடத்தைப் பார்த்து. தொட்டிகளுக்கு நடுவில், தரையில், ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் காலி இடம்.

"காத்தாடி காத்துல திரும்பியிருக்கும்," என்றான் மானோப். காத்தாடி எதிர்ப்பக்கம் இருந்தது. அவனுக்கும் தெரியும்.

மார்ச் 13 இரவு, அந்த எட்டில் ஒரு செடியின் பூவுக்குள் சின்ன மஞ்சள் சீப்பு ஒன்றைப் பார்த்தேன். ஆண் பூ. எங்கேயோ வெளிச்சம் கசிகிறது. ஆண் பூவைக் கிள்ளி எடுத்தேன். இப்போதே ஓட்டையை அடைத்தால் மற்ற செடிகள் தப்பும். சேங்லாவும் வருவாள்.

கசிவைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. வெளியே உச்சி வெயில் அடிக்கும்போது உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு உட்கார வேண்டும். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிஷம் ஆகும். பிறகு ஓட்டைகள் நட்சத்திரம் மாதிரி தானாகத் தெரியும்.

மார்ச் 14. மானோப் கௌசோய் சாப்பிடக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். போனின் திரைகூட உள்ளே வெளிச்சம் தரக்கூடாது. அதை வெளியே ஸ்டூலில் வைத்தேன். அப்போது மணி 11:55. புது டேப் சுருள் ஒன்றைப் பிரித்தேன். செடிக்குத் தெரியாத பச்சை விளக்கை நெற்றியில் மாட்டினேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

உட்கார ஒரே இடம்தான் இருந்தது. நான்காவது விளக்குக்குக் கீழே.

பச்சை விளக்கை அணைத்தேன். கறுப்பு. வெளியே தோப்பில் பூச்சிகள் கத்தின. கொஞ்ச நேரத்தில் கூரை ஓரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. எழுந்து ஒரு விரல் நீளம் டேப்பைக் கிழித்து ஒட்டினேன். திரும்பி வந்து சுருளை முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தேன். இனி மிச்சம் கதவுக்குக் கீழே தெரிந்த மெல்லிய சாம்பல் கோடு. அதையும் ஒட்டிவிட்டால் முடிந்தது.

அப்போதுதான் கேட்டது.

சர்ர்ர்ர்...

டேப் பிரிகிற சத்தம். கதவுப் பக்கம்.

"மானோப்பா?"

முழங்காலுக்குப் பக்கத்தில் தடவினேன். சுருள் இல்லை.

சர்ர்ர்ர்... பல்லால் கடித்து அறுக்கிற சத்தம்.

கதவுக்குக் கீழே இருந்த சாம்பல் கோடு இடது பக்கத்திலிருந்து குறையத் தொடங்கியது. மெதுவாக... ஒழுங்காக... யாரோ கட்டை விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டிக்கொண்டு போவது போல.

உள்பக்கமிருந்து.

கோடு ஒரு சாண் ஆனது. விரல் அளவு ஆனது. பிறகு இல்லை.

சர்ர்ர்ர்... கதவின் பக்கவாட்டில். சர்ர்ர்ர்... மேலே.

பூச்சிச் சத்தமும் நின்றது.

என் வலது பக்கத்தில் தரையில் ஏதோ அமர்ந்தது. வேலை முடித்தவன் விடுகிற மாதிரி ஒரு நீண்ட மூச்சு.

பச்சை விளக்கைப் போட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை. சுற்றிலும் இலைகள் மட்டும். எல்லாம் என் முகத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தன. பச்சை விளக்கு மங்கியது... அணைந்தது.

தலை கனத்தது. மூச்சு பாதியில் நின்றது.

கதவை உடைக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தவுடன் காதருகில்...

"திறக்காத... வெளிச்சம் வந்துடும்."

நான் சொன்னேனா? இன்றுவரை தெரியாது. ஏனென்றால் நானும் அதைத்தான் நினைத்தேன். திறந்தால் உச்சி வெயில் உள்ளே கொட்டும். அத்தனை செடியும் மிரளும். சேங்லா கையெழுத்துப் போடுவாள். மூன்று வருடம்.

ராத்திரி ஒன்பது வரை இங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது. ஒன்பதுக்கு விளக்கு எரியும். அதுவரைதானே...

சரியான யோசனையாகவே பட்டது.

கண் சொக்கியது.

போன் அடித்தது.

வெளியே. ஸ்டூலில். அது அவளுக்கென்று வைத்திருந்த மணி.

நின்றது.

மறுபடி அடித்தது.

நின்றது.

மூன்றாவது தடவை.

எழுந்தேன். விழுந்தேன். தவழ்ந்தேன். கதவில் மோதினேன். டேப் பிய்ந்தது. வெயில் என் மேல் விழுந்தது.

மணி 12:47. உள்ளே பத்து நிமிஷம் இருந்ததாகத்தான் நினைத்திருந்தேன். தவறிய அழைப்புகள் 12:31, 12:38, 12:46.

போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். சேங்லாவுக்கு அந்த வாரம் ராத்திரி வேலை, தூங்கி எழுந்த குரல். கோபமாக இருந்தாள்.

"பகல்லயே குடிச்சியா? தைவான்ல இருக்கறவகிட்ட டேப் கொண்டுவான்னு கேக்கற?"

"நான் எங்க கேட்டேன்?"

"நீதான் கூப்பிட்ட. உங்க நேரம் பதினொண்ணு நாப்பதுக்கு. டேப் தீந்துபோச்சு, இன்னொரு சுருள் கொண்டா, சீக்கிரம் வான்னு. வச்சிட்ட. தூக்கத்துல நானும் விட்டுட்டேன். அப்புறம் மனசு கேக்கல. என்ன ஆச்சு உனக்கு?"

என் போனில் அப்படி ஓர் அழைப்பு போகவே இல்லை. அவள் போனில் இருக்கிறது. அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாள்.

மானோப் வந்து கதவைப் பார்த்தான். உள்பக்கம் நான்கு ஓரமும் இரண்டு அடுக்கு டேப். ஒரு சுருக்கம் இல்லை.

"நீ ஒட்டுனதா? நீ ஒட்டுனா கோணலாத்தானே இருக்கும்," என்றான். விளையாட்டாகத்தான் தொடங்கினான். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. அட்டை வளையம் என் இடது கையில் இருந்தது. எப்போது வந்தது என்று தெரியாது.

விளைச்சல் போயிற்று. பத்து நாளில் எல்லாப் பூவிலும் விதை. சேங்லா தாளில் கையெழுத்துப் போட்டாள்.

ஆறு விளக்குகளையும் வண்டியில் ஏற்றி ஓரதாய் வீட்டுக்குக் கொண்டுபோனேன். என்னைப் பார்த்ததும் அவர் உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பிறகு தானாகவே சொன்னார்.

கணவர் காம்பான் கொரியாவுக்குப் போகவே இல்லை. செடி வேகமாக வளர அறைக்குள் ஒரு கரியமில வாயு சிலிண்டர் வைத்திருந்தாராம். இருட்டு நேரத்தில் அதை மூட வேண்டும். அன்று மூட மறந்திருக்கிறார். வெளிச்சக் கசிவு தேடப் பகலில் உள்ளே போய் உட்கார்ந்தவர் வெளியே வரவில்லை. இரவு ஒன்பதுக்கு விளக்கு எரிந்தபோதுதான் பார்த்தார்களாம். நான்காவது விளக்குக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கதவில் பாதிதான் டேப். கையில் வெறும் அட்டை வளையம். சுற்றியிருந்த செடிகள் எல்லாம் அவர் பக்கம் சாய்ந்திருந்தன.

என் கிடங்கில் சிலிண்டரே கிடையாது. அதைச் சொன்னேன். நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். சேங்லாவின் போனைப் பற்றிச் சொன்னபோது அவர் குறுக்கிட்டார்.

"எனக்கும் அதே நேரந்தான் தம்பி. பதினொண்ணு நாப்பது. டேப் தீந்துபோச்சு, இன்னொரு சுருள் கொண்டான்னார். நான் சந்தையில இருந்தேன். சாயங்காலம் கொண்டுவரேன்னு வச்சிட்டேன்."

பிறகு, எனக்குக் கேட்குமா கேட்காதா என்ற குரலில் கேட்டார்.

"உன் சம்சாரம்... திருப்பிக் கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டா அக்கா. மூணு தடவை."

அவர் தலையாட்டினார். எழுந்துபோய், நான்காவது விளக்கை மட்டும் தனியாக எடுத்து, வீட்டுக்குள் கொண்டுபோனார்.