பதினாலு வோல்ட்

இந்தக் குற்றாலச் சீசனில் என் வண்டி மூன்று முறை படுத்துவிட்டது. பதினெட்டு வருஷத்து வண்டி. செல்ஃப் பட்டனை அமுக்கினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உதைத்துக் கிளப்பித் தென்காசிக்குப் போய்ப் புது பேட்டரி போட்டேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, மறுபடியும் டிக்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். போலீஸ் வயர்லெஸ்ஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் தலையிலேயே செத்த பேட்டரியைக் கட்டிவிட்டார்களே என்று கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். கடைக்காரர் என்னைவிட இளையவர், பொறுமைசாலி. நான் கத்தி முடிக்கும்வரை பேட்டரியைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

“பேட்டரில ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. வண்டிதான் சார்ஜ் ஏத்தல. இன்ஜின் ஓடும்போது எத்தன வோல்ட் வருதுன்னு பாத்தியளா?”

“பாக்கல.”

“வீட்ல மதினிய ஆக்சிலேட்டர முறுக்கச் சொல்லிட்டு நீங்க மீட்டர வச்சுப் பாருங்க. பதினாலு காட்டணும்.”

சரி என்று வந்துவிட்டேன். மதினி சென்னையில் இருக்கிறாள் என்று சொல்லவில்லை. மகளுக்குப் பிரசவம் பார்க்க மூன்று மாதம் என்று சொல்லி என் மனைவி போய் இரண்டு வருஷமாகிறது. மகள் வேலைக்குப் போகிறாள், பேரனை வேறு யார் பார்ப்பார்கள்? “வண்டிய வித்துட்டு இங்கன வந்துருங்க” என்று சாயங்காலப் போனில் மனைவி தினமும் ஒரு பாட்டு. மாப்பிள்ளை வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட எனக்கு மனசு வராது. வண்டி ஓடுகிறவரை ‘நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொல்லிக் காலம் தள்ளலாம். அது நின்றுபோனால் என்னிடம் வேறு சாக்கு இல்லை.

மீட்டரை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். கம்பிகளைப் பேட்டரியில் கவ்வ வைக்கிற கிளிப்புகளை எங்கேயோ தொலைத்திருந்தேன். இரண்டு கையிலும் கம்பியைப் பிடித்தால் ஆக்சிலேட்டரை முறுக்க மூன்றாவது கை வேண்டும். முழங்கையால் முறுக்கிப் பார்த்தேன், தலையால் முட்டிப் பார்த்தேன். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் வந்திருப்பார். யாரையும் ஒன்று கேட்பதென்றால் எனக்கு நாக்கு எழும்பாது. கடைசியில் ஐட்லிங் ஸ்குரூவைத் திருகி, வண்டியை அதன்பாட்டுக்கு உறும விட்டுவிட்டு அளந்தேன். பன்னிரண்டு புள்ளி ஒன்று. சார்ஜ் ஏறவேயில்லை.

இன்ஜினிலிருந்து வரும் மூன்று மஞ்சள் ஒயர்களைக் கழற்றி, இரண்டிரண்டாக அளந்தேன். மூன்றிலும் கரண்ட் ஒரே அளவாக வந்தது. அப்படியென்றால் உற்பத்தியில் குறையில்லை, பேட்டரிக்குப் போகிற வழியில்தான் எங்கோ தடங்கல். வலதுபக்க மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தேன். கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றி அனுப்புகிற ரெக்டிஃபயரில், ஒயர்களைச் சேர்த்துச் சொருகுகிற கப்ளர் பச்சைப் பச்சையாகப் பூத்துப்போயிருந்தது. ஒரு பின் கருகியும் இருந்தது. அதன்மேல் என்னுடைய ஈரத்துண்டு.

நான் வைத்ததுதான். சீசனில் விடிந்ததும் பழைய குற்றாலத்துக்குப் போய்க் குளித்துவிட்டு வருவது எங்கள் இருவருக்கும் பல வருஷப் பழக்கம். திரும்பும்போது ஈரத்துணி எல்லாவற்றையும் ஒரு ஒயர் கூடையில் போட்டு, அவள் பின்னால் மடியில் வைத்துக்கொள்வாள். வீடு வருவதற்குள் புடவை நனைந்துவிட்டது என்று ஒரு முணுமுணுப்பு. அவள் போனபிறகு கூடை பிடிக்க ஆளில்லை. துண்டையும் வேட்டியையும் பிழிந்து சுருட்டி, அந்த மூடிக்குள் டூல்ஸ் வைக்கிற இடத்தில் திணித்துக்கொண்டு வந்தேன். இரண்டு சீசனாக, தினமும். முப்பது வருஷம் வயர்லெஸ் பார்த்தவனுக்கு, ஈரத்தை எங்கே வைக்கக்கூடாது என்று தெரியவில்லை.

கப்ளரைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கருகிய பின்னை மாற்றிச் சொருகி, வண்டியைக் கிளப்பி மறுபடி அளந்தேன். பதினாலு புள்ளி இரண்டு. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மீட்டரைப் பார்த்தபடியே இருந்தேன். அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் போன் செய்தபோது எல்லாவற்றையும் சொன்னேன்.

“பின்னால நீ இல்லலா, அதான் ஈரத்துணிய உள்ள திணிச்சேன். நீ வந்துரேன்” என்றேன். இரண்டு வருஷத்தில் நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல்தடவை.



“போன சீசனுக்கு நான் வரட்டான்னு கேட்டேம்லா? எதுக்குன்னு சொல்லிட்டிய.”

ஆமாம், கேட்டாள். ‘எதுக்கு? நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொன்னேன். அதற்குமேல் அவள் குரல் வரவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து நான் வைத்துவிட்டேன்.

“இப்ப மக மறுபடி முழுகாம இருக்கா. உங்ககிட்ட ஞாயித்துக்கெழம சொல்லலாம்னு இருந்தோம். இவள விட்டுட்டு நான் எப்படிங்க வருவேன்?”

நல்ல செய்தி. நாலு வார்த்தை சந்தோஷமாகக் கேட்டிருக்கலாம். “சரி” என்று மட்டும் சொன்னேன்.

“சாப்பிட்டியளா?” என்றாள்.

“ஆச்சு” என்றேன். அடுப்பே பற்ற வைக்கவில்லை.