மூண்டாவதாய் வந்தவள்

இப்பவும் காலமையிலை கால்வாய்க் கரையாலை சைக்கிளிலை போகேக்கை முன்னாலை ஆரும் ஓடினால் எனக்கு அவளின்ர நினைவுதான் வரும். அவள் என்ர தங்கச்சியின்ர மகள். தங்கச்சி நோர்வேக்குப் போனாள், நான் ஜேர்மனிக்கு வந்தன். பிள்ளை அங்கை பிறந்து, நடக்கப் பழகின கையோடை பனியிலை சறுக்கி ஓடுற ஸ்கீயும் பழகினவள்.

கோடை விடுமுறைக்கு ஹம் நகரத்திலை இருக்கிற எங்கட வீட்டை வருவாள். சும்மா வரமாட்டாள், சில்லுப் பூட்டின ஸ்கீயையும் தூக்கிக்கொண்டுதான் வருவாள். கால்வாய்க் கரையிலை அவள் அதிலை பறக்க, நான் சைக்கிளிலை பின்னாலை நாக்குத் தள்ள உழக்குவன். "கெதியா வாங்கோ, மாமா!" எண்டு திரும்பிப் பாராமலே கத்துவாள். அங்கை தூண்டில் போடுற ஜேர்மன்காரன் ஒருத்தன் ஒவ்வொரு நாளும் "பனி எங்கை?" எண்டு கேட்டுச் சிரிப்பான். எனக்குப் பத்திக்கொண்டு வரும். "உன்ர மீன் எங்கை?" எண்டு நானும் திருப்பிக் குடுப்பன். சத்தியமாய்ச் சொல்லுறன், அப்பிடி ஒரு சந்தோசம் எனக்குப் பிறகு வாய்க்கேல்லை.

வளர்ந்து நோர்வே ஸ்கீ அணிக்குள்ளை போனாள். போறதைவிட நிலைக்கிறதுதான் கஷ்டம். அங்கை ஒருத்தி கொஞ்சம் பிந்தினால் அந்த இடத்துக்குப் பத்துப்பேர் நிப்பினம். ரண்டு வருசமாய் இவளுக்குச் சரிவரேல்லை. பிறகு ஜேர்மனியிலை ஒரு போட்டி வந்தது. இதிலை இறுதிச் சுற்றுக்குப் போகாட்டி அணியாலை எடுத்துப்போடுவினம் எண்டு தங்கச்சி போனிலை அழுதாள். நான் லீவு போட்டிட்டு ரயிலேறினன்.

அவள் ஓடுறது குறுந்தூரம். கண்ணை மூடித் திறக்க முடிஞ்சிடும். அரையிறுதி ரண்டு ஓட்டம், ஒவ்வொண்டிலையும் ஆறு பேர். முதல் ரண்டு பேரும் நேரை இறுதிக்கு. மிச்ச ரண்டு இடம் மற்றவைக்குள்ளை வேகமான ரண்டு பேருக்கு; மூண்டாவதாய் வந்தால், மற்ற ஓட்டமும் முடிஞ்சு நேரத்தை ஒப்பிடுமட்டும் காத்திருக்கவேணும். எங்கட பிள்ளை மூண்டாவது.

முடிவுக்கோட்டடியிலை குந்திக்கொண்டு பெரிய திரையையே பாத்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு இங்காலை நிண்டு நான் தெரிஞ்ச கடவுள்மாரையெல்லாம் கூப்பிட்டன். மற்ற ஓட்டத்திலை மூண்டாவதாயும் நாலாவதாயும் வந்தவை இவளைவிட வேகம். திரையிலை அவளின்ர பேர் கீழை இறங்கிச்சுது. அவ்வளவுதான், எல்லாம் முடிஞ்சுது.

வேலியடிக்கு வந்தாள். எனக்கெண்டால் கோபம் தலைக்கேறிப்போச்சு.

"வளைவிலை அவள் ஒருத்தி உன்னை மறிச்சவளெல்லே? ஸ்கீ வழுக்கிறதுக்கு மெழுகு ஒழுங்காய்ப் பூசேல்லையோ? சொல்லு, ஆரின்ர பிழை?" எண்டு கத்தினன்.

"ஒருத்தரின்ர பிழையும் இல்லை, மாமா." தொப்பியைக் கழட்டினாள். "எல்லாம் சரியாய்த்தான் இருந்தது. என்ர வாழ்நாளிலையே இண்டைக்குத்தான் ஆக நல்லா ஓடினனான்."

எனக்கு ஏச ஆளில்லாமல் போச்சு. வேலிக்கு மேலாலை அவளைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு குழறி அழுதன்.