மிளகுக்கு ஒரு நல்ல படம்

சாராள் எங்கள் சபைக்காரி. மாடம்பாக்கத்தில் வாடகை வீடு, துணிக் கம்பெனியில் தையல் வேலை. வேளச்சேரி சாலையில் வண்டி அடித்துப் போட்ட ஒரு கறுப்பு நாயைத் தூக்கி வந்து வைத்தியம் பார்த்தாள். ஆண்டவர் அதன் உயிரைத் திருப்பிக் கொடுத்தார். முன்னங்கால் ஒன்று மட்டும் சரியாகவில்லை. மிளகு என்று பேர் வைத்தாள்.

வீட்டுக்காரர் ஸ்ரீநிவாசராகவன் கெட்டவர் இல்லை. "எங்கம்மா நாய் தடுக்கி விழுந்தா யாரும்மா பொறுப்பு? மாசக் கடைசிக்குள்ள எங்கயாவது விட்டுடு" என்றார். ரோட்டில் விட்டால் அந்தக் காலோடு மிளகு பிழைக்காது. நாய் வளர்க்க ஆசைப்படுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுப் பார்ப்போம் என்று சாராள் துணிந்தாள்.

கறுப்பு நன்றாகத் தெரியட்டும் என்று உச்சி வெயிலில் வெள்ளைச் சுவர் ஓரம் நிறுத்தி எடுத்தாள்.

"இன்னாக்கா இது, கரி மூட்டையா?" என்றாள் பக்கத்து வீட்டு கிறிஸ்டி. கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை.

கொஞ்சம் நிறம் சேரட்டும் என்று சாமந்தி மாலை வாங்கிப் போட்டு எடுத்து அனுப்பினாள். குழுவில் கைகூப்பிய பொம்மைகளாக வந்து விழுந்தன. 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்றார் ஒருவர். 'எப்படிப் போச்சு, பாவம்?' என்றார் இன்னொருவர்.

கிறிஸ்டிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மாலை போட்ட படத்த பாத்தா வேற இன்னா நெனப்பாங்க? உயிரோட கீற நாய அடக்கம் பண்ணிட்டியேக்கா!"

சாராளும் சிரித்தாள். ஆனால் விடவில்லை. "எத்தினி தடவ தப்பா தச்சாலும் பிரிச்சுத் தைக்கிறேன். இத விட்டுடுவேனா?"

தினமும் விடிந்ததும் ஜெபம் முடித்து, வெயில் ஏறுமுன் வேப்பமர நிழலில் சேலையோடு குப்புறப் படுத்தாள். நின்று எடுத்தால் முதுகுதான் வந்தது. நாயின் கண் மட்டத்துக்குப் போனதும் முகம் வந்தது. திரையில் அந்த முகத்தைத் தொட்டு வெளிச்சம் கூட்டினாள். பிஸ்கட் தாளைப் போன் பக்கத்தில் கசக்கினாள். மிளகு காதைத் தூக்கி நேராகப் பார்த்தது.

"என்னம்மா, மயக்கமா?" என்று ஓடி வந்தார் வீட்டுக்காரர்.

"இல்ல சார், போட்டோ."

"அந்தக் கால மறைச்சு எடுக்கா, அப்பதான் கேப்பாங்க" என்றாள் கிறிஸ்டி.

"மறைச்சா, கூட்டிட்டுப் போனப்புறம் கால பாத்துட்டு வெளிய விட்டுடுவாங்க. அதுக்கு ரெண்டாவது தடவ ரோடு காட்டணுமா?" முகம் ஒன்று, கால் தெரிய முழு உடம்பு ஒன்று என்று இரண்டையும் அனுப்பினாள்.

மாதம் முடியும் தறுவாயில் பள்ளிக்கரணையிலிருந்து அம்மணி என்றொருவர் கூப்பிட்டார்.

"கால் அப்டியேதான் இருக்குமா?"

"ஆமாங்க. மாடி ஏறாது."

"எங்க வூட்ல மாடியே இல்லம்மா. அந்த கண்ண பாத்ததுலேர்ந்து எம் பொண்ணு கேட்டுகினே கீறா. ஞாயித்துக்கெழம இட்டுகினு வர்றியா?"

"ஆராதனை முடிஞ்சதும் வந்துடறேங்க" என்றாள் சாராள். போனை வைத்துவிட்டு மிளகின் காதைத் தடவிக் கொடுத்தாள்.