பெட்ரோல் அளந்த குச்சி

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. பட்டுநூலை எடை போட்டுக் கொடுத்து, புடவையாக எடை போட்டுத் திரும்ப வாங்குகிற தொழில் எங்களுடையது. தறியில் நெய்து வளர்ந்து, பிறகு பெரிய காஞ்சிபுரத்தில் கடை வைத்தவன் நான். கூடப்பிறந்தவன் கொடுத்தாலும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைப்பேன்.

எழுபதுகளின் நடுவில் பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறியது. புடவை மூட்டைகளோடு மதராஸ் போய்வர ஒரு பழைய கார் வைத்திருந்தேன். ஒருமுறை ரொப்பினால் இரண்டு நடை தாங்குகிற வண்டி, இப்போது இரண்டாம் நடையில் பூந்தமல்லியிலேயே பெட்ரோல் கேட்டது.

எனக்கு டிரைவர் மேல்தான் கண் போனது. செவிலிமேட்டுக்காரர், என் வயதுதான், ஐந்து வருஷமாக என்னிடம் ஓட்டுகிறவர். வளைகிற மாதிரி ஒரு மூங்கில் குச்சியைச் சீவி, டாங்கிக்குள் விட்டு, நனைந்த இடத்தில் கத்தியால் கோடு போட்டேன். சாயங்காலம் ஒரு கோடு, காலையில் ஒரு கோடு. ராத்திரியில் அளவு இறங்கவில்லை. அப்படியானால் மதராஸில், நான் கடைக்குள் போயிருக்கும்போதுதான் கைவைக்கிறான் என்று முடிவு கட்டினேன். பேச்சுக் கொடுப்பதுபோல் பக்கத்தில் போய் அவர் சட்டையை மோந்துகூடப் பார்த்தேன்.

"முதலாளி, டயர்ல காத்து கம்மியா இருக்குது. பங்க்குல புடிச்சிக்கினு வந்துடட்டுமா?" என்று அவர் ரெண்டு மூணு தடவை கேட்டார்.

"காத்து புடிக்கப் போறியா, பெட்ரோல் விக்கப் போறியா? ஒண்ணும் வேணாம், சும்மா இருப்பா!"

டயர் விஷயத்தில் நான் பெரிய மேதாவி. தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பாவு நூலைப் புறங்கையால் தட்டிப் பார்ப்போம். ரொம்ப விறைப்பாக இருந்தால் இழை அறுந்துபோகும், கொஞ்சம் தளர்த்திவிடுவோம். டயரையும் அதே கையால்தான் தட்டிப் பார்ப்பேன். கல் மாதிரி இருந்தால் வெயிலில் வெடித்துவிடும் என்று பயம். அந்த வருஷம் டயர் மாற்றியதிலிருந்து, அப்படித் தெரிந்த காலையிலெல்லாம் நாலு டயரிலும் கொஞ்சம் கொஞ்சம் காற்றை நானே இறக்கிவிட்டு வந்தேன்.

ஒருநாள் பெட்ரோல் பங்க்கில், எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டேன்.

"எவன்கிட்டடா விக்கிற?"

"என் புள்ளைங்க மேல சத்தியமா இல்ல முதலாளி" என்று சொல்லிச் சாவியை பானெட் மேல் வைத்துவிட்டு நடந்தே போனார். நான் விட்டேனா? கடைத்தெரு முழுக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் அவரை நம்பி வண்டி கொடுக்கவில்லை. பாலாற்றில் மணல் வாரப் போகிறார் என்று கேள்விப்பட்டேன்.

புது ஆள் வந்தார். வண்டி அதே மாதிரிதான் குடித்தது. அடப்பாவி, இவனும் திருடனா? குச்சியில் கோடு போட இடமில்லை. சித்திரை வெயிலில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும்போது டயர் படாரென்று வெடித்தது. டயர்க்கடைக்காரர் கழற்றிக் காட்டினார். இரண்டு ஓரமும் மழுங்கிப்போய், நடுவில் மட்டும் புதுசு போல இருந்தது.

"காத்து இல்லாம ஓட்டிக்கினு இருந்தா இப்படித்தான் சார். தொளதொளன்னு ரோட்டைக் கட்டிப் புடிச்சிக்கும். இன்ஜின் இழுத்து இழுத்து பெட்ரோலைக் குடிக்கும், புகையைக் கக்கும். டயரும் சூடேறி வெடிக்கும். எந்த மகராசன் காத்தை இறக்கிவுட்டது?"

மகராசன் பின்பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டான். கடைக்குப் பின்னால் வீணான டயர்களைப் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். கரும்புகை பக்கத்து வயல் மேல் போய்ப் படிந்தது. இன்னும் எவ்வளவோ ஓடவேண்டிய என் டயரும் அதில்தான் விழுந்தது.

புது டயர் மாட்டி, நாலுக்கும் சரியாகக் காற்றுப் பிடித்தோம். அதற்கப்புறம் இரண்டு நடையும் பழையபடி ஒரே டாங்கியில் முடிந்தன.

பழைய டிரைவரைத் தேடிச் செவிலிமேட்டுக்குப் போனேன். காலில் ஆற்று மணல் ஒட்டியிருக்க வாசலில் நின்றார்.

"தப்பு என்னுதுப்பா. காத்தை நான்தான் இறக்கினேன். வந்துடு."

"பங்க்குல வெச்சுத்தானே கேட்டீங்க முதலாளி? அங்க வந்து சொல்லுங்க."

சொன்னேன். அதே பங்க்கில், எல்லார் முன்னாலும், காது சுடச் சுடச் சொன்னேன். அவர் சாவியை வாங்கிக்கொண்டார். புது ஆள் விட்டது தொல்லை என்று லாரி ஓட்டப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவர் வண்டியை நிறுத்திவிட்டு, டாங்கிக்குள் குச்சியை விட்டெடுத்து என்னிடம் நீட்டினார்.

"பாத்துக்கோங்க முதலாளி."

ஐயோ என்றிருந்தது. பிடுங்கி முறித்துப் போட்டேன். மறுநாள் புதுக் குச்சி ஒன்றைச் சீவிக்கொண்டு வந்திருந்தார். வண்டியை விற்கிறவரைக்கும் ஒரு சாயங்காலம்கூட விடாமல் நீட்டினார். நானும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒவ்வொரு நாளும் கோட்டைப் பார்த்தேன்.