பஞ்சு பாயின் முகாம் பிள்ளைகள்

சேக் முகைதீன் கண்ணை இறுக மூடிக்கொண்டு பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தார். பின்னால் முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்த பையனிடம் சிடுசிடுத்தார்.

“ஏலே, நான் என்ன தள்ளுவண்டியா? கண்ணு தெரியாதவியளத் தள்ளக் கூடாது. உன் கையை அவிய பிடிச்சுக்கிடட்டும். நீ முன்னால நட.”

ஞாயிற்றுக்கிழமை இலவசக் கண் முகாம் என்றால் சனிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்த ஒத்திகை நிச்சயம். மற்ற நாளெல்லாம் அவர் ராஜபாளையம் வரைக்கும் உள்ள ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சும் பேண்டேஜ் துணியும் சைக்கிளில் கொண்டுபோய்ப் போடுகிறவர். அதனால் பஞ்சு பாய். எங்கே ஆள் தேவை என்பது அவருக்கு அத்துபடி. பத்தாவது தவறிவிட்டுத் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை முகாமுக்கு இழுத்து வருவார். சம்பளம் கிடையாது, மத்தியானம் ஒரு பொட்டலம் சாப்பாடு. சீட்டு எழுத, சொட்டு மருந்து விட, சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைக் காட்டிப் பார்வை சோதிக்கப் பழகலாம். பழகியதும் எங்காவது வேலையில் சேர்த்துவிடுவார்.

சேர்த்துவிட்டால் அடுத்த முகாமுக்கு ஆளிருக்காது. எட்டு வருஷமாக இதே கதை. “போங்க, நல்லாருங்க. நான் மறுபடி ஆனா ஆவன்னாவுல இருந்து ஆரம்பிக்கேன்” என்பார். சிரித்துக்கொண்டே சொன்ன காலம் உண்டு. இப்போது வயது ஐம்பத்திரண்டு. சைக்கிள் மிதித்த முழங்கால் குடைகிறது. மனைவி மைமூன் தைலம் தேய்த்துக்கொண்டே, “ஊரான் பிள்ளையை ஊட்டி வளத்தா தம்பிள்ளை தானா வளரும்னு சொல்லுதாக. நம்ம மகன் எட்டாப்புலயேல்ல நிக்கான்” என்பாள்.

மறுநாள் வத்திராயிருப்பில் முகாம். முந்நூறு பேர் வருவார்கள். கைதேர்ந்தவள் வெள்ளத்தாய் ஒருத்திதான், மற்ற நால்வரும் போன மாதம் வந்தவர்கள். உள்ளூரிலேயே மடவார் வளாகம் தெருப் பெண்ணான அவளுக்கு வயது பத்தொன்பது. எந்தக் கிழவர் முரண்டு பிடித்தாலும், “மேல பாருங்க தாத்தா, பல்லி போகுது” என்று சொல்லிச் சொட்டு மருந்தை விட்டுவிடுவாள்.

ஒத்திகை முடிகிற நேரம் ராஜபாளையத்துக் கண்ணாடிக்கடை முதலாளி ஆளனுப்பியிருந்தார். வெள்ளத்தாய்க்காகப் பாய் மூன்று மாதமாக நச்சரித்துக் கேட்ட வேலை.

“நாளைக்கு நாள் நல்லாருக்காம். எட்டு மணிக்குள்ள வெள்ளத்தாயி வந்து சேரணுமாம். இல்லாட்டி வேற ஆள் போட்டுருவாராம்” என்றான் வந்தவன்.

வெள்ளத்தாய் பாயைப் பார்த்தாள். போ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. “உன் இஷ்டந்தாம்மா” என்றார். அப்படிச் சொன்னதற்காக வீடு போய்ச் சேரும்வரை தன்னையே திட்டிக்கொண்டார்.

விடியற்காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் நிலையத்தில் நின்ற வத்திராயிருப்பு பஸ்ஸில் அவருக்கு முன்னாலேயே அவள் உட்கார்ந்திருந்தாள்.

“இந்த நாலும் சேந்து முந்நூறு பேரை என்ன செய்யும் பாய்? கடை எங்கயும் போயிராது.”

கடை போகாது, வேலை போய்விடும். அது தெரிந்தும் அவருக்கு மனசு குளிர்ந்துதான் போனது. அப்பாடா என்று எதிர் இருக்கையில் சாய்ந்தார். இன்றைக்கு ஒரு நாளாவது யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்காமல் முகாமை நடத்தலாம்.

ராஜபாளையம் போகிற பஸ் ஒன்று நிலையத்துக்குள் நுழைந்தது. கூட்டம் அதை நோக்கி ஓடியது. எட்டு மணிக்கு இன்னும் நேரமிருந்தது. பாய் எழுந்து, வெள்ளத்தாயின் மடியிலிருந்த பையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு இறங்கினார். “பாய், பாய்” என்று கத்திக்கொண்டு அவள் பின்னால் ஓடி வருவதற்குள், நொண்டி நொண்டி ஓடிப்போய், இன்னும் நிற்காத அந்த பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பையை எறிந்து அவளுக்கு இடம் போட்டார்.