ஸ்கேன் அறையும் என் வயிற்றெரிச்சலும்

மாட்டுக்குச் சினை பார்க்கத் தோள்வரை கை உள்ளே போக வேண்டும். நாய்க்குப் பார்க்கக் கை வெளியே இருந்தால் போதும், கண்தான் உள்ளே போக வேண்டும். என் கண் போகவில்லை. பக்கத்தில் நின்றவளின் கண் போனது. அதுதான் என் கஷ்டம்.

நாமக்கல் பக்கத்தில் பதினைந்து வருடம் மாட்டுக்கும் எருமைக்கும் வைத்தியம் பார்த்தவள் நான். வீட்டுக்காரருக்கு ஹைதராபாத்தில் ஐ.டி. வேலை கிடைத்ததால் அங்கே திருமுல்கேரியில் ஒரு செல்லப்பிராணி கிளினிக்கில் சேர்ந்தேன். அதே மாதம் சேர்ந்த இன்னொரு டாக்டர் ஸ்ரவந்தி. இருபத்தெட்டு வயது தெலுங்குப் பெண். அம்மா வேலூர்க்காரர் என்பதால் நன்றாகவே தமிழ் பேசுவாள். எங்கள் முதலாளி ராணுவத்தில் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு ஸ்கேன் மிஷின் வாங்கி வைத்து, இரண்டு பேரும் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். ஹப்சிகுடாவில் புதுக் கிளை திறக்கப் போகிறாராம். ஆறு மாதத்தில் யார் நன்றாகப் பார்க்கிறார்களோ அவருக்கு அங்கே தனி ஸ்கேன் அறை. இன்னொருவருக்குத் திருமுல்கேரியில் தடுப்பூசி மேசை.

நம்மைவிட வேகமாகக் கற்றுக்கொள்ளும் ஒருத்தியின் பக்கத்தில் நின்று, முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் உண்டா? அப்படியென்றால் நீங்களும் என் கட்சிதான்.

என் முதல் கண்டுபிடிப்பு

முதலில் இரண்டு நாள் பயிற்சி. சொல்லிக்கொடுக்க வந்தவர் சென்னைக்காரர். மேசையில் ஒரு பீகிள் நாயைப் படுக்க வைத்து, வயிற்றில் ஜெல் தடவி, வயிற்றில் வைத்துப் பார்க்கும் புரோப்பை என் கையில் கொடுத்தார். திரையில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். நடுவில் மட்டும் அழகாக, உருண்டையாக, கறுப்பாக ஒன்று தெரிந்தது. குட்டி இருக்கும் பை இப்படித்தான் கறுப்பாகத் தெரியும் என்று அரை மணி நேரத்துக்கு முன்புதான் சொல்லியிருந்தார். ஸ்ரவந்தி வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொள்ள வேண்டுமே! "குட்டிப் பை! இருபத்தஞ்சு நாள் இருக்கும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

அதை இன்னும் தெளிவாகக் காட்டலாம் என்று புரோப்பைக் கொஞ்சம் அழுத்தினேன். பீகிள் என்னை ஒருமுறை பார்த்தது. அடுத்த நிமிடம் மேசை முழுக்க ஈரம். திரையில் அந்தக் கறுப்பு உருண்டையைக் காணோம். நான் பார்த்தது நிறைந்திருந்த மூத்திரப்பை. ஸ்ரவந்தி சிரிக்கவில்லை, பஞ்சை எடுத்து என்னிடம் நீட்டினாள். அவள் சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். பயிற்சி கொடுத்தவர்தான் சொன்னார்: "டாக்டரம்மா, உங்க குட்டி மேசை மேல ஓடுது, தொடச்சிடுங்க."

பூனைக்கு வளைகாப்பு

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஐ.டி. தம்பதி. அவர்களுடைய பெர்ஷியன் பூனை முதல்முறை சினையாக இருந்தது. முடி இருந்தால் படம் தெளிவாக வராது என்று புத்தகத்தில் படித்திருந்தேன். எனக்கோ முடி இல்லாத வயிற்றிலேயே தெளிவாக வராது. அதனால் முன்ஜாக்கிரதையாக அடிவயிற்றிலிருந்து நெஞ்சுவரை மழித்துவிட்டேன். மூன்று குட்டி என்று சொன்னேன், சரியாகவும் இருந்தது. வேலை முடிந்த பிறகுதான் அந்தப் பெண் கண் கலங்கியபடி விஷயத்தைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பூனைக்கு வளைகாப்பாம். போட்டோகிராபருக்குச் சொல்லியாயிற்றாம். குட்டியாய் ஒரு பட்டுப் பாவாடைகூடத் தைத்தாயிற்றாம்.

ஸ்ரவந்தியோ பூனைகளுக்கு ரேசரைத் தொடவே மாட்டாள். விரலால் முடியை வகிடு எடுப்பதுபோல் பிரித்து, ஸ்பிரிட்டால் நனைத்து, ஜெல் வைத்துப் பார்த்துவிடுவாள். இந்தச் சேதி அந்தத் தம்பதிக்கு எப்படியோ எட்டியிருக்கிறது. அடுத்த முறை வந்தபோது நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். ஸ்ரவந்திக்காக நாலு பேர் காத்திருந்தார்கள். "உள்ள வாங்க" என்று எழுந்தே நின்றேன். அந்தப் பையன் கூடையை மடியில் இறுக்கிக்கொண்டு சொன்னான்: "பரவால்லீங்க மேடம், எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்லீங்க."

குறைந்தது எத்தனை

ஸ்கேனில் குட்டி இருக்கிறதா என்று சொல்லலாம், எத்தனை என்று சொல்வதுதான் வம்பு. ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கும். ஒரே குட்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு தடவை எண்ணிவிடுவோம். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழர் ஒருவர், பெயர் செல்வம், தன் ஜெர்மன் ஷெப்பர்டைக் கொண்டுவந்தார். ஆறு என்றேன். மனிதர் ஆறு சொந்தக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். பிறந்தது நாலு. மச்சினருக்கும் சித்தப்பாவுக்கும் இல்லையென்று ஆகி, வீட்டில் பெரிய ரகளை.

ஸ்ரவந்தியின் ரிப்போர்ட்டுகளை அவள் இல்லாத நேரத்தில் எடுத்துப் பார்த்தேன். ஆமாம், திருட்டுத்தனமாகத்தான். எல்லாவற்றிலும் 'குறைந்தது நான்கு', 'குறைந்தது ஐந்து' என்று எழுதியிருந்தாள். அடி கள்ளி, இதுதானா சூட்சுமம்! செல்வம் அடுத்த நாயைக் கொண்டுவந்தபோது, எதற்கு வம்பு என்று 'குறைந்தது இரண்டு' என்று எழுதிக் கொடுத்தேன். பிறந்தது ஒன்பது. மனிதர் ரிப்போர்ட்டோடு நேரே வந்து நின்றார்: "காய்கு மேடம், எதுக்கு இந்த மிஷின்? கொறஞ்சது ரெண்டுன்னு நானே வீட்ல உக்காந்து சொல்லிருப்பேனே!"

என் எருமை, அவள் படம்

ஊருக்கு வெளியே ஒரு எருமைப் பண்ணைக்கு இரண்டு பேரையும் அனுப்பினார் முதலாளி. எனக்கு அன்று திருவிழா. கையுறையை மாட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "மூணு மாசம், வலது பக்கம்." பண்ணைக்காரர் யாதகிரி தலையை ஆட்டினார். ஸ்ரவந்தி கையடக்க மிஷினை எடுத்து, பத்து நிமிடம் தடுமாறி, "அக்கா சொன்னது கரெக்ட். மூணு மாசம்" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். திரையை யாதகிரி பக்கம் திருப்பினாள். சாம்பலுக்கு நடுவே ஒரு புள்ளி பட் பட்டென்று அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் தம்பிகள் ஓடிவந்தார்கள், போனில் வீடியோ எடுத்தார்கள், ஸ்ரவந்தியின் கையில் ஒரு சொம்பு மோரைக் கொடுத்தார்கள். பதினைந்து வருட அனுபவத்தை முழங்கைவரை சாணியோடு தொங்கவிட்டுக்கொண்டு நான் ஓரமாக நின்றேன். அவள் தப்பாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது. என் முகத்தைப் பார்த்த யாதகிரி, சமாதானமாகத் தெலுங்கில் சொன்னதன் தமிழ் இது: "நீங்க சொன்னதும் சரிதாம்மா, ஆனா அவங்க காட்டினாங்க."

ராணி வந்த காலை

ஆறாவது மாதத்தின் கடைசி வாரம். ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் தனராஜ் தன் லேப்ரடார் ராணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். விடியற்காலை ஒரு குட்டி உயிரில்லாமல் பிறந்திருக்கிறது. அதற்குப் பிறகு முக்கல் நின்றுவிட்டது. நான் ஸ்கேன் பார்த்தேன். உள்ளே இரண்டு குட்டிகள் தெரிந்தன, இரண்டிலும் துடிப்பில்லை. மேலே, கீழே, இடது, வலது, எங்கும் இல்லை. "எல்லாம் போயிடுச்சுங்க. ஊசி போடறேன், சாயங்காலத்துக்குள்ள வெளிய வந்துரும்" என்றேன். தனராஜ் ராணியின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஊசியில் மருந்தை ஏற்றும்போது ஸ்ரவந்தி கதவைத் தாண்டிப் போனாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தேகம் இருந்தது. உயிருள்ள குட்டி ஒன்று எங்காவது ஒளிந்திருந்தால் சாயங்காலம்வரை தாங்காது. உடனே வயிற்றைக் கிழித்து எடுக்க வேண்டும். ஆனால் அவளைக் கூப்பிட்டால் இந்த ராணியும் அவள் கணக்கில் போய்விடும், ஹப்சிகுடாவும் போய்விடும். கூப்பிடாமலே இருந்துவிடத்தான் நினைத்தேன். நினைத்ததற்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. ராணி தலையைத் தூக்கித் தன் வயிற்றைத் தானே நக்கிக்கொண்டது. "ஸ்ரவந்தி, ஒரு நிமிஷம்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் புரோப்பை என் கையிலிருந்து வாங்கவில்லை. என் கைமேல் தன் கையை வைத்து, கடைசி விலா எலும்புக்கு அடியில் சாய்த்து அழுத்தினாள். இரைப்பைக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு குட்டி. அதற்குள் ஒரு துடிப்பு, மெதுவாக, நின்றுவிடுவேன் நின்றுவிடுவேன் என்பதுபோல. "இருக்கு அக்கா, இருக்கு! ஆனா ரொம்ப ஸ்லோ" என்றாள். பத்து நிமிடத்தில் அறுவை சிகிச்சைக்குத் தயாரானோம். கத்தி பிடித்தது நான். குட்டியை எடுத்தது நான். மூச்சுவிடாமல் கிடந்த அந்தக் கறுப்பு உருண்டையைத் துண்டில் வைத்துத் தேய் தேயென்று தேய்த்து அழ வைத்ததும் நான். அது கீச்சென்று கத்தியபோது நானும் அழுதேன்.

பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்க வந்த தனராஜ், குட்டிக்கு ஸ்ரவந்தி என்று பெயர் வைத்திருப்பதாகச் சொன்னார். "ஆபரேஷன் பண்ணினது நானுங்க" என்று சொல்லியே விட்டேன், மானத்தை விட்டு. அவர் என்னைக் கும்பிட்டார், கண்ணில் தண்ணீரோடு, கொஞ்சமும் கபடமில்லாமல் சொன்னார்: "மறக்க மாட்டேம்மா. ஆனா நீங்க இல்லன்னு சொன்னீங்க, அவங்க இருக்குன்னு சொன்னாங்க. இருக்குன்னு சொன்னவங்க பேரைத்தானே வைக்கணும்?"

ஹப்சிகுடா அறை அவளுக்கே போய்விட்டது. நான் திருமுல்கேரியில் தடுப்பூசி மேசையில் உட்கார்ந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வாலாட்டிக்கொண்டு வரும் அந்தக் கறுப்புக் குட்டியின் அட்டையில் 'ஸ்ரவந்தி, பெண், நல்ல ஆரோக்கியம்' என்று என் கையாலேயே, பேனா கொஞ்சம் அழுந்த, எழுதிக்கொண்டிருக்கிறேன்.